இரண்டு மொழியிலும் வாயை மூடிக்கொண்டிருக்கும் வேலை

பிள்ளைகளே தங்கள் படிப்பை நடத்திக்கொள்ளும் ஒரு பள்ளியில், ஆசிரியர் இடத்தில் இருமொழி வழிகாட்டியாக நான் வேலையில் சேர்ந்த மூன்றாவது நாள். 9 வயதுப் பையன் ஒருவன் பேட்டரி, ஒயர், சின்ன பல்பு எல்லாவற்றையும் தரையில் பரப்பிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கையில் இருந்த செய்முறைத் தாள் ஆங்கிலத்தில் இருந்தது. தாளைப் பார்த்தான், பல்பைப் பார்த்தான், அப்புறம் என்னைப் பார்த்தான். அந்தப் பார்வை போதும் எனக்கு. பக்கத்தில் போய் உட்கார்ந்து வரிக்கு வரி தமிழில் சொன்னேன். பல்பு எரிந்தது. அவன் சிரித்தான். எனக்குப் பெருமை பிடிபடவில்லை. இதற்குத்தானே என்னை எடுத்திருக்கிறார்கள்!

அடுத்த பத்து நிமிடத்தில் ஐந்து பேர் ஆளுக்கொரு தாளோடு என் முன்னால் வரிசையில் நின்றார்கள்.

அன்று சாயங்காலம் மூத்த வழிகாட்டி ஒன்றே ஒன்று கேட்டார்: "இன்னைக்கு எத்தனை கேள்விக்குப் பதில் சொன்னீங்க?" எண்ணவில்லையே என்றேன். "நாளைக்கு எண்ணிப் பாருங்க." ஒரு சின்ன நோட்டில் கோடு கோடாகப் போட்டு எண்ணினேன். 43 வந்தது. பாராட்டுவார் என்று நினைத்து நீட்டினேன். "நாப்பத்து மூணு தடவை அவங்க யோசிக்க வேண்டியதை நீங்க யோசிச்சுட்டீங்க" என்றார். எனக்குக் கோபம் வந்தது. இரண்டு மொழி தெரிந்தவள் வேண்டும் என்று கேட்டு வாங்கிவிட்டு, அந்த இரண்டிலும் வாயைத் திறக்காதே என்றால் எப்படி?

மொழிபெயர்ப்புதான் என் பழைய தொழில். ஒரு மொழியில் காதில் விழுந்தது இன்னொரு மொழியில் தானாக வாயில் வந்துவிடும், நடுவே நிறுத்துவதற்கு இடமே இல்லை. பத்து வருடப் பழக்கம். அதை விடுவதற்குத்தான் இந்த வேலையில் எனக்கு முதல் ஒரு வருடம் போனது.

எங்கள் பள்ளியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 6 வயதிலிருந்து 13 வரை எல்லோரும் ஒரே கூடத்தில். பீரியட் கிடையாது, மணி அடிப்பதில்லை. திங்கட்கிழமை காலை ஒவ்வொரு பிள்ளையும் அந்த வாரத்துக்கான இலக்கைத் தானே எழுதும், வெள்ளிக்கிழமை தானே சரிபார்க்கும். தினமும் காலையில் வட்டமாக உட்கார்ந்து ஒரு கேள்வியைப் பற்றி அரைமணி நேரம் பேசுவோம். விதிகளைப் பிள்ளைகளே கூட்டத்தில் வாக்கெடுத்து வைத்துக்கொள்வார்கள். பிள்ளையே தன் படிப்பை நடத்தும் யோசனை புதிதல்ல. இங்கிலாந்தின் சம்மர்ஹில் பள்ளி 1921-இல் தொடங்கியது. அமெரிக்காவின் சட்பரி வேலி 1968-இல் வந்தது. அங்கே ஆறு வயதுப் பிள்ளைக்கும் ஆசிரியருக்கும் பள்ளிக் கூட்டத்தில் ஆளுக்கொரு ஓட்டுதான். 2009-இல் டெக்சாஸில் ஆரம்பித்து இப்போது பல நாடுகளில் இருக்கும் ஆக்டன் அகாடமி பள்ளிகளில் ஆசிரியரை 'வழிகாட்டி' என்றுதான் அழைக்கிறார்கள். கேள்விக்கு நேரடியாகப் பதில் சொல்லாமல் கேள்வியாலேயே திருப்பிக் கொடுப்பது அவர்களுடைய அடையாளம். நாங்கள் எதையும் அப்படியே பின்பற்றவில்லை, எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் எடுத்துக்கொண்டிருக்கிறோம். இந்தப் பள்ளிகளைப் பற்றி நான் படித்ததில் ஒரு கேள்விக்கு மட்டும் விடை கிடைக்கவில்லை: கேள்வியால் திருப்பிக் கொடுப்பது சரி, எந்த மொழியில் திருப்பிக் கொடுப்பது?

அந்த பல்பு பையனிடமே திரும்பப் போகிறேன். இரண்டு வாரம் கழித்து இன்னொரு தாளோடு அதே பார்வை பார்த்தான். இந்த முறை மனசுக்குள் பத்து வரை எண்ணினேன். நாக்கு துறுதுறுவென்றது. அப்புறம் ஒரு பென்சிலை நீட்டி, "உனக்குத் தெரிஞ்ச சொல்லுக்கெல்லாம் கோடு போடு" என்றேன். தெரியாத சொல்லுக்கு அடிக்கோடு போடச் சொல்வதுதான் வழக்கம். அப்படிப் போட்டால் தாள் முழுக்கக் கோடாகிவிடும், பிள்ளைக்குத் தான் முட்டாள் என்று தோன்றிவிடும். திருப்பிப் போட்டதில் பேட்டரி, பல்ப், ஒயர், சுவிட்ச், டேப் எல்லாவற்றுக்கும் கோடு விழுந்தது. அவனுடைய தமிழில் ஏற்கெனவே இருக்கும் சொற்கள்தானே இவை. 'கனெக்ட்' என்ற சொல்லில் கொஞ்சம் நின்றான். எழுத்துக்கூட்டி வாய்விட்டுப் படித்ததும் முகம் மாறியது. "வைஃபை கனெக்ட் ஆகலைன்னு சொல்றோமே, அதுவாக்கா?"

நான் ஆமாம் என்றுகூடச் சொல்லவில்லை. "செஞ்சு பாரேன்" என்றேன். அன்று அவன் என்னிடம் மறுபடி வரவில்லை.

பத்து வரை எண்ணுவதற்கு ஒரு காரணம் உண்டு. மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970களில் வகுப்பறைப் பேச்சுகளைப் பதிவுசெய்து கேட்டார். ஆசிரியர் கேள்வி கேட்டபின் பதிலுக்குக் காத்திருக்கும் நேரம் சராசரியாக ஒரு நொடிதான். அதை மூன்று நொடியாக்கினாலே பதில்கள் நீண்டன, வழக்கமாகப் பேசாத பிள்ளைகளும் பேசினார்கள். ஒரே மொழிக்கே மூன்று நொடி என்றால், தமிழில் யோசித்து ஆங்கிலத்தில் சொல்லத் தேடும் பிள்ளைக்கு அது எப்படிப் போதும்? ஆகவே பத்து. சில பிள்ளைகளுக்கு இருபதும் தேவைப்படும். புதிதாக வரும் வழிகாட்டிகளுக்கு நான் முதலில் சொல்வது, அந்த இருபது நொடியும் பிள்ளையின் முகத்தையே பார்த்துக்கொண்டு இருக்காதீர்கள் என்பதுதான். வேறெங்காவது பாருங்கள். தாளைப் பாருங்கள். உற்றுப் பார்க்கிற கண்ணுக்கு முன்னால் யாருக்கும் சொல் வராது.

அடுத்து, பின்னத்தில் நடந்தது. இதை நான் இன்னும் பலரிடம் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

ஒரு 8 வயதுப் பிள்ளை வட்டத்தை நான்காகப் பிரித்து மூன்று பங்குக்கு வண்ணம் அடித்துவிட்டாள். பக்கத்தில் பின்னமாக எழுத வேண்டும். "எவ்வளவு அடிச்சிருக்கே?" என்று கேட்டேன். "நாலுல மூணு." சரியான பதில். ஆனால் தாளில் 4-ஐ மேலே எழுதி, கோடு போட்டு, 3-ஐக் கீழே எழுதினாள். தப்பு என்று சொல்ல வாயெடுத்தேன். நல்லவேளை, "எப்படி எழுதினே?" என்று கேட்டுவிட்டேன். "நாலுல மூணு. நாலு முதல்ல, மூணு அப்புறம்" என்றாள், இதில் என்ன சந்தேகம் என்பதுபோல.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. தமிழில் நாம் முழுசை முதலில் சொல்கிறோம், எடுத்ததைப் பிறகு சொல்கிறோம்: நான்கில் மூன்று. ஆங்கிலத்தில் தலைகீழ், எடுத்தது முதலில் வரும். மேலிருந்து கீழாகப் பின்னத்தை எழுதும் வரிசை ஆங்கிலப் பேச்சோடு ஒத்துப்போகிறது, தமிழ்ப் பேச்சோடு முட்டுகிறது. அந்தப் பிள்ளை கணக்கில் தவறவே இல்லை, காதில் கேட்ட வரிசையில் கை எழுதியிருக்கிறது. இத்தனை வருடம் இரண்டு மொழியையும் கையில் வைத்துக்கொண்டு பிழைத்த எனக்கு இது ஒருநாளும் கண்ணில் பட்டதில்லை.

அடக்க முடியாமல் விளக்கத்தை அங்கேயே கொட்டியிருப்பேன். ஆனால் அந்த நேரத்தில் நோட்டு ஞாபகம் வந்தது. மறுநாள் காலை வட்டத்தில் இதையே கேள்வியாக வைத்தேன்: "ஒரே விஷயத்தை ரெண்டு மொழியில சொல்லும்போது எந்த நம்பர் முதல்ல காதுல விழுது?" பத்தில் ஒன்று, ஐந்தில் இரண்டு என்று ஆளுக்கொன்றாகச் சொல்லிப் பார்த்தார்கள். 11 வயதுப் பெண் ஒருத்திதான் பிடித்தாள்: "தமிழ்ல பெருசு முதல்ல, இங்கிலீஷ்ல சின்னது முதல்ல." உடனே இன்னொருவன் மேஜை மேல் இருந்த புத்தகத்தைக் காட்டி, "இதுவும் அப்படித்தான். 'மேஜை மேல'ன்னு நாம மேஜையை முதல்ல சொல்றோம். அவங்க 'மேல'வை முதல்ல சொல்லிட்டு மேஜையை அப்புறம் சொல்றாங்க" என்றான். வட்டம் சூடு பிடித்துவிட்டது. அரைமணி நேரம் ஒன்றரை மணி நேரம் ஆனது.

கடைசியில் அதே 8 வயதுக்காரிதான் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டாள். "அக்கா, அப்ப முக்கால்? அதுல மூணு முதல்ல வருதே?"

வாஸ்தவம்தான். மூன்று கால் சேர்ந்ததுதானே முக்கால். அங்கே எடுத்த எண்ணிக்கை முன்னால் நிற்கிறது, ஆங்கிலம் போலவே. என்னிடம் பதில் இல்லை. இந்த வேலையில் பதில் தெரியாமல் இருப்பது எவ்வளவு வசதி என்று அன்றுதான் தெரிந்தது. அந்த வாரம் மூன்று பேர் பழைய தமிழ்ப் பின்னங்களைத் தேடிப் போனார்கள். அரைக்கால் என்றால் 1/8, மாகாணி 1/16, காணி 1/80, முந்திரி 1/320 என்று பட்டியல் போட்டுச் சுவரில் ஒட்டினார்கள். முந்திரி என்ற பெயருக்குக் கூடம் முழுக்க ஒரு வாரம் சிரிப்பு.

எனக்கு அதிலிருந்து ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. ஒரு பிள்ளை தவறு செய்தால், 'இது கணக்கின் தவறா, மொழியின் தவறா?' என்று முதலில் என்னை நானே கேட்டுக்கொள்வேன். பாதிக்கு மேல் மொழிதான். ஆங்கிலத்தில் 'பதின்மூன்று'க்கும் 'முப்பது'க்கும் ஓசையில் கொஞ்சம்தான் வித்தியாசம். அதில் தடுமாறும் பிள்ளைக்குப் பெருக்கல் வராது என்று முடிவுகட்டிவிடுவோம். தமிழில் வேறு வம்பு. எண்பது வரைக்கும் ஒழுங்காக வந்துவிட்டுத் தொண்ணூறில் திடீரென்று நூறு எட்டிப் பார்க்கும், ஒன்பதைக் காணவே காணோம்.

காலை வட்டம் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஆரம்பத்தில் வட்டத்தை நான் ஆங்கிலத்தில் தொடங்கி, புரியாதவர்களுக்குத் தமிழில் சொல்வேன். நியாயமாகத்தான் தோன்றியது. சில மாதம் கழித்துப் பார்த்தால் தினமும் பேசுவது அதே ஆறு பேர். ஒருநாள் சும்மா மாற்றித் தமிழில் தொடங்கினேன். வேறு ஆறு பேர் பேசினார்கள்! அதில் ஒரு பெண், அதுவரை மந்தமானவள் என்று நான் மனசுக்குள் ஓரம்கட்டி வைத்திருந்தவள், "பொய் சொன்னா தப்புன்னா, ஒளிஞ்சு விளையாடும்போது ஒளிஞ்சிருக்கறதும் பொய்தானே?" என்று கேட்டு எல்லோரையும் வாயடைக்க வைத்தாள். கூடத்தில் யார் கெட்டிக்காரர் என்பதை நான் திறக்கும் முதல் வாக்கியம்தான் தீர்மானித்துக்கொண்டிருந்திருக்கிறது.

மறுபக்கமும் உண்டு. அந்த முதல் ஆறு பேரில் ஒரு பையன் ஆங்கிலம் சரளமாகப் பொழிவான். எல்லோரும் அவனுக்கு எல்லாம் தெரியும் என்றே நினைத்தோம். எரிமலை பற்றிய ஒரு பக்கத்தைப் படித்துத் தன் சொற்களில் சொல்லச் சொன்னபோது இரண்டு வரிக்கு மேல் நகரவில்லை. ஜிம் கம்மின்ஸ் என்ற கனடா பேராசிரியர் 1979-லேயே இதைப் பிரித்துச் சொல்லிவிட்டார்: விளையாட்டிலும் அரட்டையிலும் பேசும் மொழி வேறு, பாடத்தைப் புரிந்துகொள்ளும் மொழி வேறு. முன்னது சுமார் இரண்டு வருடத்தில் வந்துவிடும். பின்னதற்கு ஐந்து முதல் ஏழு வருடம்வரை ஆகலாம். சரளத்தைப் பார்த்து ஏமாந்ததும், மௌனத்தைப் பார்த்து ஏமாந்ததும் நான் செய்த ஒரே தவறுதான்.

இப்போது வட்டத்தில் கேள்வியைச் சொன்னதும் இரண்டு நிமிடம் ஜோடி ஜோடியாகப் பேசவிடுகிறோம், எந்த மொழியில் வேண்டுமானாலும். அதன்பிறகு பொதுவில். யாரும் சொன்னதை நான் மொழிபெயர்ப்பதில்லை. "அவ சொன்னது உனக்குப் புரிஞ்சுதா? புரியலைன்னா அவகிட்டயே கேளு" என்பதோடு என் வேலை முடிந்தது. படிப்பது ஒரு மொழி, எழுதுவது இன்னொரு மொழி என்றும் வைத்திருக்கிறோம். ஆங்கிலத்தில் படித்ததைத் தமிழில் எழுத வேண்டுமானால் புரியாமல் வரியைக் காப்பியடிக்க வழியில்லை. இது எங்கள் கண்டுபிடிப்பு இல்லை, வேல்ஸ் நாட்டுப் பள்ளிகளில் வெல்ஷ் மொழியையும் ஆங்கிலத்தையும் வைத்துச் செய்ததுதான். கென் வில்லியம்ஸ் என்பவர் 1994-இல் அதற்குப் பெயரும் வைத்தார்.

இருமொழி என்று சொல்லிக்கொள்கிறோமே தவிர, தமிழ்ப் பிள்ளைக்கு உண்மையில் மூன்று. பேச்சுத் தமிழ், எழுத்துத் தமிழ், ஆங்கிலம். ஒரே மொழி பேச்சில் ஒன்றாகவும் எழுத்தில் வேறாகவும் இருப்பதை இரட்டை வழக்கு என்பார்கள். ஃபெர்குசன் என்ற அமெரிக்க அறிஞர் 1959-இல் அதைப் பற்றி எழுதிய கட்டுரைக்குப் பிறகு அதற்கு எடுத்துக்காட்டாகத் தமிழைச் சொல்லாத மொழியியலாளர் குறைவு. புத்தகத்தில் படித்திருந்தும் இதில்தான் நான் பெரிதாகச் சறுக்கினேன்.

தினமும் நாட்குறிப்பு எழுதும் பையன் ஒருவன். தமிழில் எழுத வராது என்று சொல்லிக்கொண்டிருந்தவன், திடீரென்று ஒருநாள் ஒன்றரைப் பக்கம் எழுதிக்கொண்டு வந்தான். நாய்க்குட்டி ஒன்று அவன் செருப்பைத் தூக்கிக்கொண்டு ஓடிய கதை. 'நா தொரத்திகிட்டே ஓடுனே' என்று, பேசுகிறபடியே. நான் சந்தோஷத்தில் உட்கார்ந்து 'நான் துரத்திக்கொண்டே ஓடினேன்' என்று பென்சிலால் மேலே எழுதிக் கொடுத்தேன். சிவப்பு மைகூட இல்லை, பென்சில்தான். அவன் பார்த்தான். "நான் பேசுறது தப்பாக்கா?" என்றான். இல்லைடா, பேசுறது வேற எழுதுறது வேற என்று என்னென்னவோ சொன்னேன். மூன்று வாரம் அவன் நாட்குறிப்பு காலியாக இருந்தது.

பிறகு அவனைத் திரும்ப எழுத வைத்தது நானில்லை, அவனுடைய தோழன். கதையை இவன் வாயால் சொல்ல, அவன் போனில் பதிவுசெய்து, இரண்டு பேரும் கேட்டுக் கேட்டு எழுதினார்கள். மனிதர்கள் பேசும் இடமெல்லாம் பேச்சுத் தமிழ், கதை சொல்லும் இடம் எழுத்துத் தமிழ் என்று அவர்களே பிரித்துக்கொண்டார்கள். கதைப் புத்தகங்களில் அப்படித்தான் இருக்கிறது என்று எடுத்தும் காட்டினார்கள். அப்போதிலிருந்து எழுதின முதல் தாளில் நான் பென்சில் வைப்பதில்லை. பிள்ளை வாயாலேயே கேட்டால், "ஒரு இடம் மட்டும் சொல்றேன், எது வேணும்?" என்பேன்.

சொற்சுவர் ஒன்று வைத்திருக்கிறோம். ஒரு சொல்லுக்குத் தமிழ், ஆங்கிலம், ஒரு படம். எழுதுவது, ஒட்டுவது, கிழிப்பது எல்லாம் பிள்ளைகள் பொறுப்பு. மொழிபெயர்ப்புச் செயலியை முதலில் தடைசெய்ய நினைத்தேன், விட்டுவிட்டேன். ஒரு பெண் மின்சாரம் பற்றிய ஆங்கிலக் குறிப்பைச் சொல் சொல்லாக அதில் போட்டு, மின்சாரம் என்று வரவேண்டிய இடத்தில் 'தற்போதைய' என்று எழுதிக்கொண்டு வந்தாள். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் 'கரண்ட்' என்ற ஒரே சொல். கூடமே விழுந்து விழுந்து சிரித்தது. இப்போது செயலியின் தவறைப் பிடிப்பது அவர்களுக்கு ஒரு விளையாட்டு, தனிப் பலகையே இருக்கிறது.

எல்லாம் இப்படி இனிமையாக முடியவில்லை. பெரிய பிள்ளைகள் ஒருமுறை கூட்டத்தில் ஒரு விதி கொண்டுவந்தார்கள். புதன்கிழமைகளில் ஆங்கிலம் மட்டும். தமிழ் பேசினால் பெயர் பலகையில் ஏறும். வாக்கெடுப்பில் 17-க்கு 9 என்று நிறைவேறியது. எங்கள் பள்ளியில் வழிகாட்டிகளுக்கு ஓட்டு இல்லை. எனக்குப் பிடிக்கவில்லை, ஆனால் அவர்கள் விதி, அவர்களே அனுபவித்துத் திருத்திக்கொள்வார்கள் என்று பேசாமல் இருந்தேன். வாயை மூடப் பழகியிருந்தேனே!

மூன்றாவது புதன்கிழமை, 6 வயதுப் பிள்ளை ஒருத்தி மத்தியானம் வரைக்கும் தண்ணீர் குடிக்கவில்லை. பாட்டில் மூடி இறுக்கமாக இருந்திருக்கிறது. 'திறந்து கொடு' என்று ஆங்கிலத்தில் கேட்கத் தெரியவில்லை. பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். முந்தின இரண்டு புதனும் வயிற்றுவலி என்று அவள் வராமல் போனது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

பாட்டிலைத் திறந்து கொடுத்தேன், தமிழில் பேசினேன், என் பெயரை நானே போய்ப் பலகையில் எழுதினேன். அன்றைக்கே கூட்டம். அதுவும் புதன்கிழமை என்பதால் ஆங்கிலத்தில்தான் நடக்க வேண்டும். என்ன நடந்தது என்று மட்டும் சொன்னேன், விதியை எடுங்கள் என்று சொல்லவில்லை. கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு அந்த விதியைக் கொண்டுவந்த 13 வயதுப் பையனே தமிழில் சொன்னான்: "இந்த ரூல் யாருக்குப் பிடிக்கலையோ அவங்களால அதைச் சொல்லவே முடியாது." விதி போனது. ஆங்கிலம் பழக விரும்புகிறவர்கள் ஒரு மேஜையில் உட்கார்ந்து பேசலாம் என்று ஆனது, அது இன்றும் இருக்கிறது.

பிள்ளைகளே திருத்திக்கொண்டார்கள் பாருங்கள் என்று இதைச் சிலர் பெருமையாகச் சொல்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நான் மூன்று வாரம் தாமதம். பதில் சொல்லாமல் இருப்பது வேறு, பார்க்காமல் இருப்பது வேறு. தாகம், பயம், அவமானம், உடம்புக்கு முடியாமல் இருப்பது ஆகியவற்றில் வழிகாட்டி முதல் நாளே நுழைய வேண்டும், பிள்ளைக்கு எந்த மொழி நெஞ்சுக்கு அருகில் இருக்கிறதோ அந்த மொழியில். அங்கே பத்து வரை எண்ணுவதெல்லாம் கிடையாது.

பெற்றோர் விஷயம். இரண்டு பக்கமும் இடி. "இங்கிலீஷ் வரணும்னுதான் மேடம் சேர்த்தோம், நீங்க தமிழ்லயே பேசிட்டிருந்தா எப்படி?" என்பார் ஒரு அப்பா. "வீட்டுல தமிழே பேசமாட்டேங்கிறான், நீங்களாவது சொல்லக் கூடாதா?" என்பார் ஒரு அம்மா. ஆய்வுகளை எடுத்துச் சொன்னால் தலையாட்டிவிட்டுப் போய் அடுத்த மாதம் அதே கேள்வியோடு வருவார்கள். நான் இப்போது ஒலிப்பதிவை வைத்துப் பேசுகிறேன். ஒவ்வொரு பிள்ளையும் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை தன் வேலையை விளக்கிப் பேசிப் பதிவு செய்துகொள்ளும். அந்த அப்பாவுக்கு அவருடைய மகள் பேசிய இரண்டு பதிவுகளைப் போட்டுக் காட்டினோம், நடுவில் ஆறு மாத இடைவெளி. இரண்டு முறை கேட்டார். முகத்தில் மகிழ்ச்சி தெரிந்தது. அப்புறம், "ஃப்ளூயன்ட்டாத்தான் பேசுறா, பட் சென்டென்ஸ் நடுவுல தமிழ் மிக்ஸ் பண்றாளே?" என்றார். என்ன செய்வது? அவர் அந்த ஒரு வாக்கியத்திலேயே நாலு முறை ஆங்கிலம் கலந்தார் என்பதை நான் சொல்லவில்லை.

இந்த வேலைக்குப் போக நினைப்பவர்கள் சேருமுன் கேட்டுத் தெளிந்துகொள்ள வேண்டியது ஒன்று இருக்கிறது. இரண்டு மொழி தெரிந்தவர் ஒருவர்தான் என்றால், பள்ளியின் சுற்றறிக்கை, பெற்றோருக்குப் போகும் கடிதம், கூட்டக் குறிப்பு, வருகிற விருந்தினருக்குப் பக்கத்தில் நின்று சொல்வது எல்லாம் உங்கள் தலையில் வந்து விழும். யாரும் கெட்ட எண்ணத்தில் செய்வதில்லை, "உங்களுக்கு அஞ்சு நிமிஷ வேலைதானே" என்பார்கள். என் முதல் வருடச் சனிக்கிழமைகள் அப்படித்தான் போயின. அந்த நேரம் வேலை நேரத்தில் சேருமா, அதற்குச் சம்பளம் உண்டா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். நான் கேட்கக் கூச்சப்பட்டுக் கோட்டைவிட்டேன். பிறகு மாதச் செய்தித் தாளைப் பெரிய பிள்ளைகளிடம் தள்ளிவிட்டேன். அவர்கள் ஆங்கிலப் பதிப்பில் நிகழ்ச்சி நிரலும் தமிழ்ப் பதிப்பில் வழிகாட்டிகளைப் பற்றிய ஜோக்குகளுமாகப் போட்டார்கள். இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கிற ஒரே ஆள் நான்தான் என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

சோர்வைப் பற்றி நிறைய சொல்லலாம், வேண்டாம். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் ஒரு மணி நேரம் எந்த மொழியிலும் பேசப் பிடிக்காது, அவ்வளவுதான்.

கோடு போடும் அந்த நோட்டை இன்னும் வைத்திருக்கிறேன். வாரத்தில் ஒருநாள் எண்ணுவேன். போன வெள்ளிக்கிழமை 6. மூத்த வழிகாட்டியிடம் காட்டினேன், நாலு வருடத்துக்குப் பிறகாவது ஒரு நல்ல வார்த்தை வரும் என்று. ஒவ்வொன்றாக என்னவென்று கேட்டார். அதில் ஒன்று, கத்தரிக்கோல் எங்கே இருக்கிறது என்ற கேள்வி. இழுப்பறையில் என்று சொல்லியிருக்கிறேன்.

"அதையும் தேடவிட்டிருக்கலாமே" என்றார்.